குவளையில் வாழும் மொழி

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் வெட்டிவைத்த கல்லிலே காணலாம். போர்க்களத்துப் புதைகுழியிலே காணலாம். அந்நாட்டு மக்கள் கையில் ஏந்தும் குவளையிலேயும் காணலாம்! என்ன பருகினர், அதற்கு என்ன பெயரிட்டனர், பருகு என்றவர் யார், பருகாதே என்றவர் யார்? இந்நான்கையும் அறிந்தவன், மன்னர் வரிசையை மனப்பாடம் செய்தவனைவிட அந்நாட்டை நன்கு அறிந்தவனாவான். இங்கிலாந்தின் மேற்கே, மலையும் கடலும் சூழக் கிடக்கும் வேல்ஸ் நாடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வேல்ஸ் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று 'மேத்'. 'பாதம்' என்னும் சொல்லிலுள்ள தகரம் போல அதன் ஈற்றொலியை மெல்லென ஒலித்தல் வேண்டும். தேனை நீரில் கலந்து புளிக்கவைத்த மதுவுக்கு அது பெயர். வடமொழியிலிருந்து வந்து, கள், நறவு, தேறல் என்னும் நம் சொற்களோடு ஒரே பந்தியில் அமர்ந்துவிட்டதே 'மது' என்னும் சொல், அதற்கும் இந்த மேத்துக்கும் வேர் ஒன்றே என்பர் மொழிநூலார்.

அனெய்ரின் என்னும் புலவர் பெயரால் வழங்கும் 'கொடோதின்' என்ற பழம்பாடலிலே இந்த மேத் பொங்கி வழிகிறது. 13-ஆம் நூற்றாண்டு ஏட்டிலே கிடைக்கும் அப்பாடல், ஏறத்தாழ 600-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததாகக் கருதப்படும் போரைப் பேசுகிறது. இன்று எடின்பரோ எனப்படும் இடத்திலே ஒரு தலைவன், முந்நூறு வீரர்களுக்கு ஓராண்டுக் காலம் மேத் ஊற்றி விருந்து வைத்தான். பின்னர் அவர்களைக் காட்ராய்த் களத்துக்கு அனுப்பினான். ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். பருகிய மதுவுக்கு உயிரை விலையாகக் கொடுத்தனர் என்கிறது பாடல். நாம் செஞ்சோற்றுக் கடன் என்போம். அவர்களுக்கு அது தேன்மதுக் கடன்! ஊற்றியவன் ஒருவன், உயிர் கொடுத்தவர் முந்நூற்றுவர். வீரம் என்று பாடினான் புலவன். கணக்கைக் கூட்டிப் பார்ப்பது நம் கடமை.

10-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹவெல் தா மன்னனின் பெயரால் வழங்கும் சட்டங்களிலே அரசவை அலுவலர் இருபத்துநால்வர் பட்டியல் உண்டு. அவருள் ஒருவன் மேத் காய்ச்சுவோன்! அரண்மனையில் மது அவ்வளவு பெரிய துறை.

உரோமர் வந்தனர், நானூறு ஆண்டளவு இருந்தனர், போயினர். அவர்கள் விட்டுச் சென்ற சொற்களோ குவளையில் தங்கிவிட்டன. கொடிமுந்திரி மதுவைக் குறிக்கும் 'க்வின்', மதுக்கடையைக் குறிக்கும் 'டவார்ன்', பாலைக் குறிக்கும் 'ல்லாய்த்' ஆகிய மூன்றும் இலத்தீன் வழி வந்தவை. படையெடுத்தவன் மறைந்தான், அவன் பாத்திரத்தின் பெயர் நிலைத்தது.

அடுத்து வந்தவன் போகவில்லை. 1536-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டை இங்கிலாந்தோடு இணைத்த சட்டம், வழக்குமன்றத்தின் மொழி ஆங்கிலமே என்றது. வேல்ஸ் மொழி பேசுவோர்க்கு அரசுப் பதவி இல்லை என்றது. ஆட்சியிலிருந்து விரட்டப்பட்ட மொழி எங்கே ஒதுங்கியது? வழிபாட்டிடத்திலே ஒதுங்கியது. 1588-இல் வில்லியம் மார்கன் பைபிளை வேல்ஸ் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். 1731 முதல் கிரிஃபித் ஜோன்ஸ் நடத்திய சுற்றுப்பள்ளிகளில் உழவரும் அவர்தம் மக்களும் தம் மொழியிலேயே படிக்கக் கற்றனர். பின்னர் எழுந்த 'சேப்பல்' எனப்படும் எளிய தொழுகைக் கூடங்கள் ஊர்தோறும் அம்மொழியை வளர்த்தன. உண்மையை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று: மதம் அங்கே மொழிக்குக் கூரை வேய்ந்தது. ஆனால், கூரை தந்தவன் வீட்டுக்காரனும் ஆனான். எதைப் பேசலாம், எதைப் பருகலாம் என்று விதிக்கலானான்.

1846-ஆம் ஆண்டு வந்தது. வேல்ஸ் நாட்டின் கல்வி நிலையை ஆராய அரசு மூன்று ஆங்கிலேயரை அனுப்பியது. மூவருக்கும் வேல்ஸ் மொழி தெரியாது! அவர்கள் எழுதிய அறிக்கை நீல அட்டையிட்ட தொகுதிகளாக வெளிவந்தது. பள்ளிகளின் குறையைச் சொன்னதோடு நிற்கவில்லை. மக்கள் ஒழுக்கங்கெட்டவர், அவர்தம் மொழி முன்னேற்றத்துக்குத் தடை என்று தீர்ப்பும் கூறியது. நாடு கொதித்தது. 1854-இல் ஆர். ஜே. டெர்வெல் எழுதிய நாடகத்தின் பெயரால் அந்நிகழ்ச்சி 'நீலப் புத்தகத் துரோகம்' என்று வரலாற்றில் நிலைபெற்றது.

கொதித்தவர் என்ன செய்தனர்? பொய் சொன்னவனைப் பார்த்து 'நீ யார் எனக்குச் சான்றிதழ் தர?' என்று கேட்டவர் சிலர். 'நாங்கள் எவ்வளவு ஒழுக்கமானவர், பாருங்கள்!' என்று மெய்ப்பித்துக் காட்ட முனைந்தவர் பலர். 1830-களிலேயே தொடங்கியிருந்த மதுவிலக்கு இயக்கத்துக்கு இவ்வேட்கை மேலும் வலுவூட்டியது. 'டிர்வெஸ்ட்', அதாவது மதுவிலக்கு, என்னும் சொல் சேப்பல்தோறும் முழங்கியது. 1881-இல் ஞாயிற்றுக்கிழமை மூடல் சட்டம் பிறந்தது. வேல்ஸ் நாட்டு மதுக்கடைகள் ஞாயிறன்று திறத்தலாகாது! இங்கிலாந்தினின்று வேறாக, வேல்சுக்கென்றே பாராளுமன்றம் நிறைவேற்றிய புதுக்கால முதற்சட்டம் இதுவே. 1921-இல் அது மான்மத்ஷயருக்கும் நீண்டது.

ஒரு நாட்டின் தனித்தன்மைக்குக் கிடைத்த முதல் ஒப்புதல், பள்ளிக்கூடத்தைத் திறக்கவா வந்தது? இல்லை, ஒரு கதவை மூட வந்தது!

குடி கெடுக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. சுரங்கத்தில் வெந்து பெற்ற கூலி சனிக்கிழமை இரவே கரைந்தால், வீட்டில் அடுப்பு எரியாது. மதுவை எதிர்த்த தொழிலாளர் வீட்டுப் பெண்களின் கண்ணீர் மெய். ஆனால் ஞாயிறு மட்டும் ஏன்? கிழமை ஆறிலும் கெடுக்காத குடி ஏழாம் நாள் மட்டுமா கெடுக்கும்? காத்தது குடிப்பவன் குடலையா, கடவுளின் ஓய்வுநாளையா? சட்டத்திலும் பொத்தல்கள்: தனியார் மன்றங்களுக்கு அது பொருந்தாது; மூன்று மைல் கடந்து வந்த வழிப்போக்கனுக்கு விலக்கு உண்டு. அப்புறமென்ன, ஞாயிறுதோறும் வழிப்போக்கர் பெருகினர்! லனெல்லி ஊரிலே பீர் ஆலை உடைமையாளருள் ஒருவராக இருந்தவர், ஜேம்ஸ் பக்லி என்னும் மெதடிஸ்டு போதகர். பிற்காலத்தில் அவர் பெயராலேயே ஒரு பீரும் விற்பனைக்கு வந்தது. போதகம் ஒரு பக்கம், போதை மறுபக்கம்!

1961-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவை உள்ளூர் மக்கள் வாக்குக்கு விட்டது. ஏழாண்டுக்கொரு முறை வாக்கெடுப்பு. தென்கிழக்குத் தொழில் நகரங்கள் கதவைத் திறந்தன. வேல்ஸ் மொழி மிகுதியாக வழங்கிய மேற்கும் வடமேற்கும் மூடியே வைத்தன. வரைபடத்தில் மூடிய கடையும் வாழும் மொழியும் பெரும்பாலும் ஒரே நிறமாயின. விளைவு என்ன? வேல்ஸ் மொழி என்றாலே கறுப்புடை, தொழுகைக் கூடம், முதியோர் முகச்சுளிப்பு என்று இளைஞன் எண்ணத் தலைப்பட்டான். வேலை ஆங்கிலத்தில், விளையாட்டு ஆங்கிலத்தில், காதலும் ஆங்கிலத்தில். இறைவனோடு மட்டும் வேல்ஸ் மொழி! தொழுகைக் கூடங்கள் வெறிச்சோடியபோது, அங்கே மட்டும் குடிவைக்கப்பட்ட மொழியும் தெருவில் நின்றது. 1911-இல் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் பேசிய மொழி, 2021 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 18 பேருக்கும் குறைவாகவே பேசப்பட்டது. காரணம் பல உண்டு. பள்ளியிலே வேல்ஸ் பேசிய சிறுவன் கழுத்தில் மரத்துண்டு தொங்கவிட்ட கொடுமை உண்டு. வேலை தேடி வந்தோரும் வெளியேறியோரும் உண்டு. ஆயினும், மொழியைப் புனிதமாக்கி அலமாரியில் பூட்டியதும் அக்காரணங்களுள் ஒன்று.

பருகும் நீருக்கு அங்கே 'டூர்' என்று பெயர். அந்த நீருக்காகவே ஓர் ஊர் அழிந்தது. லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்று, வேல்ஸ் உறுப்பினருள் பெரும்பாலோர் எதிர்த்தும், 1957-இல் சட்டம் இயற்றினர். 1965-இல் கேபெல் கெலின் என்னும் வேல்ஸ் மொழிச் சிற்றூர் அணைநீரில் மூழ்கியது. பள்ளி, அஞ்சலகம், தொழுகைக் கூடம் எல்லாம் நீரடியில்! லிவர்பூல் நகரமன்றம் 2005-இல் மன்னிப்புக் கேட்டது. மூழ்கிய ஊர் எழவில்லை, இளைஞர் எழுந்தனர். 1962-இல் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஆற்றிய உரை மொழிப் போராட்ட அமைப்புக்கு வித்திட்டது. 1967, 1993, 2011 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன.

இன்று அம்மொழியைப் புதிதாகக் கற்போர் எங்கே தொடங்குகின்றனர்? வேதத்திலா? இல்லை, குவளையிலே! முதலில் கற்கும் சொற்களுள் ஒன்று 'பானெட்': குவளை நிறையத் தேநீர். தெற்கே போனால் அதுவே 'டிஷ்க்லெட்', தட்டு நிறைய. பாலுக்குத் தெற்கே 'ல்லாய்த்', வடக்கே 'ல்லெவ்ரித்'. எது தூய சொல் என்று சண்டையிட வேண்டியதில்லை, இரண்டும் தாய்மொழியே. பீருக்குப் பெயர் 'கூரு' போல ஒலிக்கும் ஒரு சொல். அவர்தம் புணர்ச்சி விதிப்படி, 'ஒரு குவளை பீர்' என்று கேட்கும்போது முதலெழுத்து மெலிந்து 'குரு' ஆகிவிடும்! நம் நாட்டில் சிந்திக்கவிடாமல் தலைக்கேறும் குருமார் உண்டு. அங்கே குவளையிலேயே குரு. இன்னொன்று கேளுங்கள்: குடித்து மயங்கியவனை 'மெது' என்பர், சிந்தனையை 'மெதுல்' என்பர். வேர் வேறு, எழுத்தில் வேறுபாடு ஒன்றே. மயக்கத்துக்கும் சிந்தனைக்கும் இடையே ஓரெழுத்துத் தொலைவு!

ஞாயிற்று மூடலை இறுதிவரை காத்த வட்டாரம் டுவிவோர். 1996 வாக்கெடுப்பில்தான் அதுவும் கதவைத் திறந்தது. அந்த வட்டாரத்திலேயே, ஆளின்றிக் கிடந்த கற்சுரங்க ஊர் ஒன்று 1978-இல் வாங்கப்பட்டு, நாண்ட் குர்தெய்ர்ன் என்னும் வேல்ஸ் மொழிப் பயிலகமாக மாறியது. அருகிலுள்ள லித்வாய்ன் ஊரின் மதுக்கடையை 1988-இல் ஊர்மக்களே கூட்டாக வாங்கினர். பயிலகத்தில் கற்ற சொல்லை, அங்கே பழச்சாறோ பீரோ வாங்கிக்கொண்டு பேசிப் பார்க்கலாம்.

மதுவின் புகழ் பாட இதை எழுதவில்லை. பகுத்தறிவோடு குடியை விலக்குபவன் உயர்ந்தவன்; ஆண்டவன் அஞ்சுவான், அயலான் நகைப்பான் என்று விலக்குபவன் இன்னும் அடிமையே. மொழிக்கும் இதுவே நீதி. பூசைக்கென்று ஒதுக்கிய மொழி பூசையோடு முடியும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கவும், நண்பனோடு தேநீர் பருகவும், கடைக்காரனிடம் கணக்குக் கேட்கவும், வழக்குமன்றத்தில் நீதி கேட்கவும் பயன்படும் மொழியே வாழும். வேல்ஸ் மக்கள் அதை நெடுநாள் இழந்து கற்றனர். இழக்காமலே கற்றுக்கொள்வது அறிவுடைமை!