எதிரிகள் சேர்ந்து பாடிய ராத்திரி

ஒரு நகரத்தைத் தரைமட்டமாக்கப் போட்ட திட்டத்துக்கு ஜெர்மன் விமானப்படை வைத்த ரகசியப் பெயர் என்ன தெரியுமா? ‘மூன்லைட் சொனாட்டா’. பீத்தோவனின் அற்புதமான பியானோ இசையின் பெயர்!

1940, நவம்பர் 14. நல்ல நிலா வெளிச்சம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தின் மேல் ராத்திரி முழுக்கக் குண்டு மழை. ஐந்நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பல நூற்றாண்டு கண்ட செயின்ட் மைக்கேல் பேராலயத்தில் வெளிச்சுவர்களும் கோபுரமும்தான் மிச்சம்.

போருக்குப் பிறகு புதுப் பேராலயம் கட்ட வந்த ஆர்க்கிடெக்ட் பேசில் ஸ்பென்ஸ் ஒரு காரியம் செய்தார். இடிபாடுகளை அகற்றவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, ஒட்டினாற்போலப் புதியதை எழுப்பினார். 1962 மே மாதம் திறப்பு விழா. அதற்கென்றே புதிதாக ஒரு இசைப் படைப்பு கேட்டு விழாக்குழு போய் நின்றது, பெஞ்சமின் பிரிட்டனிடம்.

இந்த பிரிட்டன் யார்? இரண்டாம் உலகப்போரில், ‘யாரையும் கொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்காது’ என்று ராணுவத்தில் சேர மறுத்த ஆசாமி. அவரா வெற்றி கீதம் போடுவார்?

இறந்தவர்களுக்காகப் பாடப்படும் லத்தீன் திருப்பலி வரிகளை எடுத்துக்கொண்டார். நடுநடுவே வில்ஃப்ரெட் ஓவென் எழுதிய ஒன்பது கவிதைகளைக் கோத்தார். ஓவென், முதல் உலகப்போரில் 25 வயதில் செத்துப்போன சிப்பாய்க் கவிஞர். போர் ஓய ஒரே ஒரு வாரம் இருந்தபோது குண்டு பாய்ந்தது. போர் முடிந்ததென்று ஊரெல்லாம் மணி அடித்த அன்றைக்குத்தான், அவருடைய அம்மா கையில் மரணத் தந்தி வந்து சேர்ந்தது.

படைப்பின் பெயர் ‘வார் ரெக்வியம்’. யார் பாடுவது என்பதில்தான் பிரிட்டனின் மனசு தெரிகிறது. இங்கிலாந்திலிருந்து பீட்டர் பியர்ஸ். ரஷ்யாவிலிருந்து கலினா விஷ்னெவ்ஸ்கயா. ஜெர்மனியிலிருந்து டீட்ரிச் ஃபிஷர்-டீஸ்காவ். போரில் ரத்தம் சிந்திய மூன்று தேசங்கள், ஒரே கூரையின் கீழ்!

நடக்க விட்டார்களா? ம்ஹூம். கலினா வரக்கூடாது என்று மாஸ்கோ தடுத்துவிட்டது. ஒரு சோவியத் பெண், ஜெர்மானியரோடும் இங்கிலீஷ்காரரோடும் சேர்ந்து நின்று அரசியல் கலந்த ஒன்றைப் பாடுவதாவது என்று அமைச்சர் கேட்டதாக, கலினா பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். கடைசி நேரத்தில் ஹெதர் ஹார்ப்பர் என்ற பாடகி, பத்தே நாளில் கஷ்டமான அந்தப் பகுதி முழுவதையும் கற்றுக்கொண்டு வந்து காப்பாற்றினார்.

மே 30 இரவு. பெரிய ஆர்கெஸ்ட்ராவை மெரிடித் டேவிஸும், சின்னக் குழுவைப் பிரிட்டனும் நடத்தினார்கள். கைதட்ட வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கவிதையில் செத்துப்போன இரண்டு சிப்பாய்கள் சந்திக்கிறார்கள். ஒருவன் கொன்றவன், இன்னொருவன் அவன் கையால் செத்தவன். கொன்றவனுக்குக் குரல் பியர்ஸ். கொல்லப்பட்டவனுக்குக் குரல், ஃபிஷர்-டீஸ்காவ்.

அந்த ஜெர்மானியரின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். டீன்ஏஜில் ஹிட்லர் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர். இத்தாலியில் அமெரிக்கர்களிடம் போர்க்கைதியாகக் கிடந்தவர். மாற்றுத்திறனாளியான அவருடைய சகோதரரை நாஜிகள் ஒரு காப்பகத்துக்கு அனுப்பி, பட்டினியில் சாகவிட்டிருந்தார்கள். இப்போது தன் தேசம் குண்டு போட்ட ஊரில், புதிய பேராலயத்துக்குள் நிற்கிறார். பாடி முடித்ததும் உடைந்துபோனார். முகத்தை எங்கே மறைப்பதென்று தெரியவில்லை என்று பிறகு எழுதினார். இருக்கையிலிருந்து அவரை எழுப்புவதற்குள் பியர்ஸுக்குப் போதும்போதும் என்றாகிவிட்டது.

அப்புறம்? ஏழே மாதத்தில் மாஸ்கோவின் மனசு இளகியது. 1963 ஜனவரியில் லண்டனில் ‘டெக்கா’ கம்பெனிக்காக இசைத்தட்டு பதிவானபோது கலினா வந்தார். பிரிட்டன் ஆசைப்பட்ட மூன்று குரல்களும் அதில் சேர்ந்தன. ஐந்தே மாதத்தில் இரண்டு லட்சம் செட் விற்றன. சாவுப்பாட்டுக்கு இப்படியொரு விற்பனையா என்று வியாபாரிகளே அசந்துபோனார்கள்.

அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. கிடைத்தால் கேளுங்கள். பாஷை புரியாவிட்டால் பரவாயில்லை. மூவரில் யார் ஜெயித்த தேசம், யார் தோற்ற தேசம் என்று மட்டும் கண்டுபிடிக்க முடிகிறதா, பாருங்கள்.