‘மாத்தே புரிலாதோ’: சுரைக்குடுக்கைத் திருவிழாச் சித்திரங்களின் பெயர் வரலாறு

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் மலைநகரமான வான்காயோவை அடுத்துக் கோச்சாஸ் கிராந்தே, கோச்சாஸ் சீக்கோ என்னும் இரு சிற்றூர்கள் உள்ளன. உலர்ந்த சுரைக்குடுக்கையின்மீது திருவிழாக் காட்சிகளை அமைக்கும் கலைக்கு இவை பெயர்பெற்றவை. புனிதரின் திருவுருவத்தைத் தோளில் சுமந்து செல்வோர், இசைக்குழுவினர், ஆடுநர், கிறித்து பிறப்புக் குடில் முதலியன குடுக்கையைச் சுற்றிலும் வரிசை வரிசையாக இடம்பெறுகின்றன. இக்கலை ‘மாத்தே புரிலாதோ’ எனப்படும். இதனைச் ‘சுரைக்காய் ஓவியம்’ எனப் பெயர்த்தல் எளிது. ஆயின் அவ்வாறு பெயர்க்கும்போது பெயரின் இரு கூறுகளும் உணர்த்தும் வரலாறு மறைந்துவிடுகிறது.

முதற்கூறாகிய ‘மாத்தே’, சுரைக்குடுக்கைக் கலத்தைக் குறிக்கும் ‘மாட்டி’ என்னும் கெச்சுவா மொழிச் சொல்லினின்று ஸ்பானியம் கடன்பெற்றதாகும். அர்ஜென்டினா, உருகுவே ஆகிய நாடுகளில் இச்சொல் குடுக்கையையும் அதில் ஊற்றிப் பருகும் இலைப்பானத்தையும் ஒருங்கே குறிக்கிறது. கொள்கலத்தின் பெயர் கொள்ளப்படும் பொருளுக்கு ஆகிவந்த இம்மாற்றம் தமிழிலக்கணம் கூறும் இடவாகுபெயரோடு ஒப்பிடத்தக்கது. பெரு நாட்டிலும் மூலிகை ஊறல்நீர் இப்பெயர் பெறுவதால், மொழிபெயர்ப்பாளர் நாட்டை மட்டுமன்றிச் சூழலையும் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

இரண்டாம் கூறு ‘புரில்’ என்னும் செதுக்குளியின் ஸ்பானியப் பெயரடியாகப் பிறந்தது. ‘உளியால் வரையப்பட்டது’ என்பது அதன் பொருள். கருவியின் பெயர் அயன்மொழிச் சொல்லாக இருத்தலின், கலையும் 1532இல் தொடங்கிய ஸ்பானியப் படையெடுப்பின் பின்னரே வந்தது எனக் கருதத் தோன்றும். அது பொருந்தாது. 1946–47இல் ஜூனியஸ் பேர்ட் பெருவின் வடகடற்கரையில் உள்ள வாக்கா பிரியேத்தாவை அகழ்ந்தபோது, உருவம் பொறித்த இரு சிறு குடுக்கைகள் கிடைத்தன. அவை அங்கு மட்பாண்டம் தோன்றுவதற்கு முற்பட்டவை. நாலாயிரம் ஆண்டுத் தொன்மை உடையவை. சொல்லின் வயது பொருளின் வயதாகாது என்பதற்கு இது தக்க சான்று. ஸ்பானியர் வருகையால் புதிதாகச் சேர்ந்தவை புனிதர் விழாவும் பிறப்புக் குடிலும் போன்ற காட்சிப் பொருள்களே; குடுக்கையில் உருவம் பொறிக்கும் வழக்கம் அம்மண்ணுக்கே உரியது.

செய்முறையும் இங்குக் கருதத்தக்கது. கோடுகள் உளியால் கீறப்படுகின்றன. பின்னர்க் கனலும் விறகுக்குச்சியை ஊதி ஊதிக் குடுக்கையின் தோலைச் சுட்டு, பழுப்பு முதல் கருமை வரையிலான சாயல்களைப் பெறுகின்றனர். அயாக்குச்சோ வட்டார முறையில், எரித்த புல்லின் கரியைக் கொழுப்பிற் குழைத்துக் கீறல்களில் தேய்ப்பர். சாயம் ஏற்றுவோரும் உளர். எனினும் உருவத்தைத் தருவது தூரிகையன்று, உளியே. ஆதலின் ‘ஓவியம்’ என்னும் சொல் செய்தொழிலைப் பிறழ உணர்த்தும்.

‘சுரைக்காய்’ என்பதும் பொருந்துவதன்று. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழி காட்டுமாறு, தமிழர் செவிக்கு அது கறிக்குரிய காய். முற்றி உலர்ந்து உள்ளீடு நீங்கிய கலத்திற்குக் ‘குடுக்கை’ என்னும் தனிச்சொல் தமிழில் உண்டு. தாவரமும் வேறன்று, பெருவின் குடுக்கையும் பாம்பாட்டியின் மகுடிக்கு உதவும் குடுக்கையும் ஒரே இனக் கொடியின் காய்களே. எனவே ‘செதுக்குச் சுரைக்குடுக்கை’ என்பது இரு கூறுகளின் பொருளையும் காக்கும் பெயர்ப்பாகும். காட்சிகளைப் பெயர்க்கும்போதும் இதே கவனம் தேவை. புனிதரைத் தோளிற் சுமக்கும் அமைப்பு ‘ஆந்தாஸ்’ எனப்படும். அதற்குச் சக்கரமில்லை, ஆதலின் ‘தேர்’ என்பதினும் ‘சப்பரம்’ என்பதே அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்லாகும்.