நிலவில் நழுவிய படச்சுருள்

1969ஆம் ஆண்டு யூலை மாதம் 20ஆம் திகதி மனிதர் இருவர் நிலவில் இறங்கினர் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். புழுதியிற் பதிந்த காலடிச் சுவட்டையும், வெண்ணிற உடை அணிந்து நிற்கும் விண்வெளி வீரரையும் பாடநூல்களிலே கண்டிருப்பர். ஆனால், அப்படங்கள் அடங்கிய சுருள், நிலவிலிருந்து புறப்படுமுன் ஒருமுறை நழுவிக் கீழே விழுந்தது என்னும் செய்தியை அறிந்தோர் சிலரே. வரலாற்றுச் சான்று ஒன்றின் ஆயுள் சில வேளைகளில் ஒரு கொளுக்கியின் பிடியில் அடங்கிவிடுகின்றது. நடுத்தர அளவுப் படச்சுருளைக் கொள்ளும் கமராவை மனிதர் எவ்வாறு ஏந்தினர், எவ்வாறு பிணித்தனர், எவ்வாறு தூக்கினர் என்பதே இன்று நாம் சிந்திக்கவிருக்கும் பொருளாகும்.

முதலில், இக்கமரா எத்தகையது எனக் கூறுதல் வேண்டும். சிறு கமராக்களிலே 35 மில்லிமீற்றர் அகலமுள்ள சுருள் செல்லும். படப்பிடிப்பு நிலையங்களில் முக்காலியின் மேல் ஏற்றப்பட்ட பெரும் பெட்டிகளிலோ கண்ணாடித் தகடுகளும் தனித்தனிப் பிலிம் தாள்களும் இடப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நடுத்தர அளவு. கொடாக் நிறுவனம் 1901இல் வெளியிட்ட 120 என்னும் இலக்கமுடைய சுருள் இவ்வகைக் கமராக்களுக்கு ஆதாரமாயிற்று. ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் அகலமுள்ள அச்சுருளிலே சதுர வடிவாகப் படம் எடுப்பின் 12 படங்கள் கிடைக்கும். படம் பெரிது, ஆகவே நுண்மையும் பெரிது. அதற்கு விலையாகக் கருவியின் பாரமும் கூடிற்று.

பாரமான பெட்டியைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்தால் கை நடுங்கும். கை நடுங்கினாற் படம் மங்கும். இவ்விடருக்கு நல்ல விடை கண்டது, 1929இல் ஜெர்மனியின் பிறவுன்ஸ்வைக் நகரிலிருந்து வெளிவந்த ரொலைபிளெக்ஸ் கமரா. படம் எடுப்பவர் அதனை வயிற்றோடு அணைத்து, தலை குனிந்து, மேற்புறத்துக் கண்ணாடியிலே காட்சியைப் பார்ப்பார். தோற்பட்டி கழுத்திலே தொங்கும். இரு கைகளும் உடலும் சேர்ந்து கருவியைத் தாங்கும். நம் நாட்டுப் பழைய பத்திரிகைப் படப்பிடிப்பாளர் குனிந்த தலையோடு நின்ற கோலத்தைக் கண்ட மூத்த நேயர்கள், அக்கோலத்தின் காரணம் இதுவென உணர்வர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, சுவீடன் நாட்டு விமானப் படைக்கு வானிலிருந்து படம் எடுக்கும் கமராவை ஆக்கி அளித்தவர் கோதென்பேர்க் நகரத்து விக்ரர் ஹசல்பிளாட் என்பவர். போர் முடிந்தபின், 1948இல், பொதுமக்களுக்கான கமரா ஒன்றை அவர் நியூயோர்க்கில் வெளியிட்டார். 1957இல் 500சி என்னும் புகழ்பெற்ற கமரா தோன்றியது. வில்லை, நடுவுடல், சுருட்பெட்டி ஆகிய மூன்றும் கழற்றி மாட்டத்தக்கவை. மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் பாரம்.

இதனைக் கையாளும் முறையிலே ஓர் ஒழுங்கு உண்டு. இடது உள்ளங்கை அடியிலிருந்து தாங்க வேண்டும். படத்தை எடுக்கும் விசையை இடக்கைச் சுட்டுவிரலே அழுத்த வேண்டும். வலக்கை வில்லையைச் சீர்செய்து சுருளை நகர்த்தும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். பட்டியைக் கழுத்தில் மாட்டிய பின்னரே மேசையிலிருந்து தூக்குதல் நன்று. வில்லையைப் பற்றித் தூக்குதல் ஒருபோதும் ஆகாது. சுருட்பெட்டியைக் கழற்றுமுன் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைச் செருக வேண்டும். அத்தகடு ஒளி உட்புகாது சுருளைக் காக்கும். தகடு இல்லாவிடின் பெட்டி கழலாதவாறும், தகடு உள்ளே இருப்பின் விசை இயங்காதவாறும் கருவியை அமைத்தனர். மனிதர் மறப்பர் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

1962ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், வால்ரர் சிறா என்னும் அமெரிக்க விண்வெளி வீரர், ஹூஸ்டன் நகரத்துக் கடையொன்றில் வாங்கிய 500சி கமராவைத் தம்முடன் விண்வெளிக்குக் கொண்டு சென்றார். அங்கே ஒரு புதிய சிக்கல் தோன்றியது. நிறையற்ற அவ்வெளியிலே கமராவின் பாரம் ஒழிந்தது; ஆனால், வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும் என்னும் உறுதியும் உடன் ஒழிந்தது. பூமியில் நழுவிய கமரா காலடியிலே கிடக்கும். விண்வெளியில் நழுவியது மீளாது. 1966 யூலையில், ஜெமினி 10 கலத்திலிருந்து வெளியே சென்ற மைக்கல் கொலின்ஸ், தமது ஹசல்பிளாட் கமராவை அவ்வாறே இழந்தார். அதிற் பதிந்த காட்சிகளும் அதனோடு போயின.

மூன்றாண்டுகளின் பின் அதே கொலின்ஸ் அப்பலோ 11 கலத்தில் நிலவைச் சுற்றிவர, ஆம்ஸ்ட்ரோங்கும் அல்ட்ரினும் நிலவில் இறங்கினர். அவர்கள் வெளியே பயன்படுத்திய ஹசல்பிளாட், வெப்பத்தைச் சமாளிக்க வெள்ளி நிறம் பூசப்பட்டிருந்தது. நிலவிலே கருவியின் பாரம் பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கே. எனினும், தடித்த கையுறை அணிந்த விரல்களுக்கு எந்தச் சிறு திருகும் கடினமே. ஆகையால், விண்வெளி உடையின் மார்புப் புறத்திலே கமராவை மாட்டும் தாங்கி ஒன்று அமைக்கப்பட்டது. காட்சியைப் பார்க்கும் கண்ணாடி அதில் இல்லை. உடலையே திருப்பி, குறியை உத்தேசித்துப் படம் எடுத்தனர். முன்னரே பூமியிற் பலமுறை பயின்றிருந்தமையால் அது இயன்றது.

ஏணியால் இறங்குபவரின் கைகள் பற்றுக்கோட்டை விடலாகாது. ஆதலால் கமராவைக் கையில் ஏந்தி இறங்கவில்லை. கப்பியின் வழியே ஓடும் நீண்ட பட்டி ஒன்றை இருவருக்கிடையே அமைத்து, ஆம்ஸ்ட்ரோங் இறங்கிய பின்னர், கமராவை அதிற் கொளுவி அல்ட்ரின் கீழே அனுப்பினார். கிணற்றுக் கயிற்றிலே வாளியை இறக்குவதனை ஒத்தது அம்முறை.

இரண்டரை மணி நேர உலாவின் முடிவிலே, கமராவின் உடலையும் வில்லையையும் நிலவிலேயே விட்டனர். மேலே கொண்டுவர வேண்டிய பாரத்தைக் குறைத்தல் அவசியமாயிற்று. சுருட்பெட்டியை மட்டும் கழற்றி, பாறைகள் நிறைந்த பெட்டியொன்றோடு கொளுவி, அதே பட்டியால் மேலே இழுத்தனர். இழுக்கும்போது சுருட்பெட்டி கழன்று நிலவின் புழுதியில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அதில் இருந்தன. நிலவிலே முதன்முதல் நடந்தோர் ஹசல்பிளாட்டினால் வெளியே எடுத்த படம் அனைத்தும் அந்த ஒரே பெட்டியில் அடங்கியிருந்தன! நல்லவேளையாக ஆம்ஸ்ட்ரோங் இன்னும் கீழே நின்றார். அதனை மீட்டு மேலே சேர்த்தனர்.

அப்பெட்டி புழுதியோடு பூமிக்கு வந்தது. ஹூஸ்டன் ஆய்வுகூடத்திலே அதனைத் திறந்த படத் தொழில்நுட்பவியலாளர் ஒருவரின் வெறுங்கையில் நிலவின் கரிய துகள் ஒட்டிக்கொண்டது. நோய் பரவக்கூடும் என்னும் அச்சத்தால், வீரரோடு அவரும் தனித்து வைக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அப்பலோ 12 கலம் கடலில் இறங்கிய வேளை, நன்கு பிணிக்கப்படாத 16 மில்லிமீற்றர் சலனப்படக் கமரா ஒன்று கழன்று அலன் பீன் என்பவரின் நெற்றியைத் தாக்கிக் காயப்படுத்தியது. கருவியைக் காத்தல் மனிதரைக் காத்தலுமாகும் என்பதை அது உணர்த்திற்று.

நேயர்களே, பேரறிஞர் பலர் கூடி ஆண்டுகள் பல உழைத்து அமைத்த பயணத்திலும், இறுதியில் வேண்டப்பட்டவை அடியிலே தாங்கும் கையும், தளராத பிணைப்பும், விழுந்ததை உடனே கண்ட கண்ணுமே. உங்கள் இல்லத்து அலுமாரியிலும் தந்தையாரோ பாட்டனாரோ பயன்படுத்திய பழைய கமரா ஒன்று இருத்தல் கூடும். அதனைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, முதலிற் பட்டியைக் கழுத்தில் இடுவித்து, பின்னர் இரு கைகளாலும் ஏந்தக் கற்றுக்கொடுங்கள். உள்ளே இன்னும் கழுவப்படாத சுருள் ஒன்று இருக்கக்கூடும். ஆதலால் இருட்டறையில் அன்றி அதனைத் திறவாதீர்கள். ஒரு குடும்பத்தின் வரலாறு அதில் உறங்கிக்கொண்டிருக்கலாம்.