திசு அடையாளமும் நோயும்

தந்தையின் மூக்கும் தாயின் நிறமும் பிள்ளைக்கு வருவதை நாம் அறிவோம். நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பும் அவ்வாறே வருமா? இவ்வினாவுக்கு முதல் தடயம் தந்தது இரத்தம் ஏற்றும் மருத்துவம் என்றால் நீங்கள் வியப்படையலாம்.

பாரிசில் பணியாற்றிய ழான் தோசே என்னும் மருத்துவர், பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பெற்ற நோயாளிகளின் சீரத்தை ஆராய்ந்தார். அச்சீரம் பிறருடைய வெள்ளணுக்களைத் திரள வைத்தது. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால், வெள்ளணுவின் மேற்பரப்பில் ஆளுக்கு ஆள் வேறுபடும் ஓர் அடையாளம் இருக்க வேண்டும் அன்றோ? 1958இல் அத்தகைய அடையாளம் ஒன்றை அவர் வெளியிட்டார். எச்.எல்.ஏ. என்று இன்று நாம் குறிப்பிடும் புரதங்களுள் முதலில் அறியப்பட்டது அதுவே. 1980இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் தோசேயும் ஒருவர்.

இப்புரதங்களுக்குரிய மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் உள்ளன. ஒரு தொகுதி தாய் தருவது. மற்றொன்று தந்தை தருவது. சிறுநீரகம் மாற்றிப் பொருத்துமுன் மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது இவற்றைத்தான்.

1973இல் எதிர்பாராத செய்தி ஒன்று வந்தது. முதுகெலும்பின் மூட்டுகள் அழற்சியுற்று, நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகே கழிபோல் விறைத்துவிடும் நோய் ஒன்று உண்டு. இலண்டனில் இந்நோயாளிகள் 75 பேரைச் சோதித்ததில், 72 பேரிடம் பி-27 என்னும் எச்.எல்.ஏ. வகை இருந்தது. ஒப்பிடுவதற்காகச் சோதித்த 75 பேரில் மூவரிடமே அது காணப்பட்டது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சல்சிலும் இத்தொடர்பு கண்டறியப்பட்டது.

இப்புரதத்தின் வேலைதான் என்ன? 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் டோகர்ட்டி, சிங்கர்நாகல் இருவரும் எலிகளில் ஆய்ந்து விடையின் வாசலைத் திறந்தனர். வைரஸ் புகுந்த உயிரணுவைக் காவல் அணுக்கள் அடையாளம் காண, அந்த உயிரணுவின் திசுப் புரதமும் துணைநிற்க வேண்டும் என்பது தெரிந்தது. 1987இல் தோசே கண்ட அதே புரதத்தின் வடிவம் எக்ஸ் கதிர்களால் வெளிப்பட்டது. அதன் உச்சியில் ஒரு பள்ளம்! உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை அப்பள்ளத்தில் ஏந்தி வெளியே காட்டுவதே அதன் தொழில். பள்ளத்தின் வடிவுக்கேற்ப, ஏந்தும் துணுக்குகளும் வேறுபடும்.

ஆகவேதான் ஒரே புரதம் ஓரிடத்தில் கேடும் ஓரிடத்தில் நலமும் செய்கிறது. பி-27 உள்ளவர்களுள் எய்ட்ஸ் வைரஸ் தொற்றியவர்களுக்கு நோய் பொதுவாக மெதுவாகவே முற்றுகிறது. முதுகெலும்பை அது எவ்வழியில் தாக்கத் தூண்டுகிறது என்பதில் மட்டும் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

ஒன்றை மறவாதீர்கள். பி-27 உள்ளோரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த முதுகு நோய் வருவதே இல்லை. சோதனையில் அது இருப்பதாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் இளவயதில் மாதக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலி, காலையில் விறைப்பாக இருந்து நடமாடினால் தணியுமானால், மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.