மருது சீட்டும் மொட்டைக் கடுதாசியும்

"இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்." இந்த வாசகம் வாட்ஸ்அப்போடு பிறந்தது என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அதற்கு முன்னால் பதினைந்து பைசா கார்டு இருந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு வரும். திருப்பதி பெருமாள் பெயரில் வரும், வேளாங்கண்ணி மாதா பெயரிலும் வரும். பதிமூன்று பிரதி எழுதியவருக்கு லாட்டரி விழுந்திருக்கும், கிழித்துப் போட்டவருக்கு வேலை போயிருக்கும். வீட்டுப் பெண்கள் பயந்துகொண்டு, ராத்திரி சமையல் முடித்த கையோடு உட்கார்ந்து எழுதுவார்கள். சிலர் நோட்டீஸாகவே அச்சடித்துப் பஸ் ஸ்டாண்டில் கொடுத்தார்கள்.

இந்த வகைக் கடிதத்துக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு. "ஷேன் தெ சேந்த்-அந்துவான்", அதாவது அந்தோணியார் சங்கிலி. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தோணியார் பெயரில் அங்கே சுற்றியது பெருமாள் பெயரில் இங்கே சுற்றியது, அவ்வளவுதான். இந்தச் சரக்குக்கு மதம் கிடையாது.

நம் நாட்டில் போஸ்ட் கார்டு வந்ததே 1879 ஜூலை 1 அன்றுதான், விலை காலணா. அதற்கும் 78 வருஷம் முன்னாலேயே "படித்தவன் நகல் எடுத்து அனுப்பு, இல்லையேல் பாவம்" என்று முடியும் ஒரு சீட்டு நம் தமிழ் மண்ணில் ஒட்டப்பட்டது. அதில் திண்டுக்கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

1801 ஜூன் 16. திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் நவாப் அரண்மனைச் சுவரில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. ஸ்ரீரங்கம் பெரிய கோயில் மதிலில் இன்னொரு பிரதி. எழுதியவர் சிவகங்கைச் சின்ன மருது. ஜம்புத் தீவில் வாழும் எல்லா ஜாதியாருக்கும், முசல்மான்களுக்கும் என்று விளித்துத் தொடங்குகிறது. அதனால் சரித்திரக்காரர்கள் அதை ஜம்புத் தீவுப் பிரகடனம் என்கிறார்கள். நவாப் முகமது அலி புத்தியில்லாமல் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தான், அவர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்து நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் ஒற்றுமையில்லாமல் இருந்ததுதான் அவர்களுக்கு வசதி, ஆகவே அவரவர் இடத்தில் ஆயுதம் எடுங்கள் என்பது அதன் சாரம்.

இதுவரை பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. கடைசிப் பகுதியைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. இதைப் பார்ப்பவர் கவனமாகப் படிக்க வேண்டும், நகல் எழுதி நண்பர்களுக்குப் பரப்ப வேண்டும் என்கிறது. அப்படிச் செய்யாத இந்துவுக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் வரும், நரகத்தின் தண்டனை எல்லாம் வரும். செய்யாத முசல்மானுக்குப் பன்றியின் ரத்தத்தைக் குடித்த பாவம். ஒட்டிய சுவரிலிருந்து இதை எடுப்பவனுக்குப் பஞ்சமா பாதகம்.

பதினைந்து பைசா கார்டில் இருந்த சரக்கு அத்தனையும் இதில் இருக்கிறது, இல்லையா? கட்டளை, நகல், சாபம். கோயில் கல்வெட்டுகளில் தர்மத்துக்கு இடையூறு செய்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிப்பது வழக்கம். அந்தப் பழைய ஆயுதத்தையே மருது எடுத்து வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்டார். அச்சகம் கம்பெனிக்காரனிடமும் பாதிரிமார்களிடமும் இருந்த காலம். மருதுவுக்கு இருந்த அச்சு இயந்திரம் ஜனங்களின் கைதான். பயமுறுத்தினால்தான் அந்தக் கை எழுதும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

திண்டுக்கல் பங்கு என்னவென்றால், இந்தக் கிளர்ச்சிக்கு அடிக்கல் போட்டவர்களில் ஒருவர் நம் விருப்பாட்சி கோபால் நாயக்கர். ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி ரோட்டில் போகும்போது திரும்பும் அதே விருப்பாட்சிதான். 1800-இல் பாளையக்காரர்கள் அங்கே கூடித் திட்டம் போட்டார்கள். அந்த ஜூன் மாதம் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கும் முயற்சி நடந்து, தோற்றது. கோபால் நாயக்கர் பிடிபட்டு 1801 செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். இன்றைக்கும் கோபாலசமுத்திரக் குளத்தைக் காட்டி இங்கேதான் என்று சொல்வார்கள். மருது சகோதரர்களை அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்தத் தமிழ்ச் சீட்டை நாம் அறிவது கம்பெனி ஆவணத்தில் இருந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் மூலமாக. 1971-இல் வந்த பேராசிரியர் கே.ராஜய்யனின் தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல் அதை விரிவாகப் பேசியது.

அந்த அறிக்கையின் அடியில் மருது பாண்டியன் என்று கையெழுத்து இருந்தது. என் பார்வையில் அதுதான் முக்கியம். நாலே மாதத்தில் அந்தக் கையெழுத்துக்கு உயிரை விலையாகக் கொடுத்தார்.

இதற்கு நேர்மாறானது 1857-இல் வடக்கே நடந்த சப்பாத்தி விவகாரம். ஒரு கிராமத்துக் காவல்காரன் சப்பாத்தியோடு வந்து பக்கத்துக் கிராமத்துக் காவல்காரனிடம் கொடுப்பான். இதே மாதிரி சுட்டு அடுத்த ஊர்களுக்குக் கொடு என்பான், போய்விடுவான். மதுரா கலெக்டராக இருந்த மார்க் தார்ன்ஹில் தன் ஆபீஸ் மேஜை மேலேயே அந்தச் சப்பாத்திகளைப் பார்த்தார். விசாரித்தால் எல்லோரும் சொன்ன பதில், எனக்கு வந்தது, நான் அனுப்பினேன் என்பதுதான். யார் ஆரம்பித்தது, எதற்கு என்று இன்றுவரை தீர்மானமாகச் சொல்ல ஆளில்லை. செய்தியே இல்லாத ஃபார்வேர்டு!

அமெரிக்காவில் 1935-இல் டென்வர் நகரத்தில் "ஒரு டைம் அனுப்பு" என்றொரு சங்கிலிக் கடிதம் கிளம்பியது. டைம் என்றால் பத்து சென்ட். கடிதத்தில் ஆறு பெயர் இருக்கும். முதல் பெயருக்குப் பத்து சென்ட் அனுப்பிவிட்டு, அதை அடித்து, கடைசியில் உன் பெயரைச் சேர்த்து ஐந்து பேருக்கு அனுப்பு. யாரும் சங்கிலியை அறுக்காவிட்டால் உன் பெயர் மேலே வரும்போது 15,625 பேர் அனுப்புவார்கள், 1,562 டாலர் 50 சென்ட் சேரும். பொருளாதார மந்தத்தில் பட்டினி கிடந்த ஜனம் விடுமா? டென்வர் தபாலாபீஸ் மூச்சுத் திணறிப் போயிற்று. நம் நாட்டில் இந்த மாதிரிப் பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-இல் தனிச் சட்டம் போட்டே தடை செய்தார்கள்.

அந்த 'ஐந்து பேர்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போனது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், 65 வயது அம்மாள் அங்கே விளையாடிய பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடியது. அந்த அம்மாள் அங்கேயே அடிபட்டு இறந்தார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். அதற்கு முந்திய வாரங்களில் வடநாட்டுப் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஃபார்வேர்டு பறந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ, கராச்சியில் பெற்றோரை எச்சரிக்க எடுத்த விளம்பரப் படம். மோட்டார் சைக்கிளில் வருபவன் பிள்ளையைத் தூக்குவான், பிறகு திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று அட்டை காட்டுவான். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியவன் பெயர் எதிலும் இல்லை.

பேரக்குழந்தை வயதுப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது நம் ஊரில் எந்தக் கிழவியும் செய்கிற காரியம். என் மனைவியின் பையில் எப்போதும் நாலு ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். அந்தச் செய்தி வந்த அன்று அவள் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு போட்டது. ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது. 2019 ஜனவரியில் உலகத்துக்கே அதைக் கொண்டுவந்தார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் திண்டுக்கல்காரன் பூட்டைப் பார்த்தால் இழுத்துப் பார்க்காமல் போகமாட்டான். கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் பத்தாவது கையில் 97 லட்சம், பதிமூன்றாவது கையில் 122 கோடி. டென்வரை மூழ்கடித்ததும் இதே ஐந்துதான், அதுவும் கையால் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி. பூட்டு வேகத்தைத்தான் குறைக்கும். சாவி நம் விரலில் இருக்கிறது.

நான் குமாஸ்தா. ஆபீசில் ஒரு தபால் வந்தால் முதலில் தன் பதிவேட்டில் ஏறும், ந.க. எண் விழும். அனுப்புநர் யார், தேதி என்ன, பார்வையில் என்ன கண்டிருக்கிறது என்று பார்த்துத்தான் குறிப்பு எழுதுவோம். அனுப்புநர் பெயர் இல்லாவிட்டால் அது மொட்டைக் கடுதாசி. மொட்டைக் கடுதாசியை நம்பி ஒருத்தர் மேல் நடவடிக்கை எடுப்பது வழக்கமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் மொட்டைக் கடுதாசி எழுதுகிறவனை 'கொர்போ' என்பார்கள். அண்டங்காக்கை என்று அர்த்தம். 1943-இல் க்ளூஸோ எடுத்த ஒரு சினிமாவின் பெயர் அது. துல் என்ற ஊரில் முதல் உலகப்போர் சமயத்தில் தொடங்கி 1922 வரை மொட்டைக் கடுதாசிகள் பறந்து ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட உண்மைக் கதைதான் அதற்கு ஆதாரம். நம்மூரில் காக்கை கத்தினால் விருந்தாளி வருவார் என்போம். அங்கே கலகம் வருகிறது.

ஃபார்வேர்டில் வரும் மருத்துவக் குறிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர், இருபது வருஷ சர்க்கரைக்காரர், வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்ற செய்தியை நம்பி நாலு மாதம் மாத்திரையை நிறுத்தினார். கால் கட்டைவிரலில் செருப்புக் கடி. அது ஆறவில்லை. இப்போது முழங்காலுக்குக் கீழே இல்லை. செய்தியை அனுப்பியவர் அவருடைய சம்பந்தி. பிரியத்தால் அனுப்பியதுதான், வேறென்ன? இருவரும் இன்றைக்கும் விசேஷங்களில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அதிலிருந்து எனக்கு வரும் எதையும் சும்மா விடுவதில்லை. குரூப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னால் மனுஷனுக்கு ரோஷம் வரும். தனியாக எழுதுகிறேன், முடிந்தால் போனில் பேசுகிறேன். "அண்ணே, இது யார் சொன்னது? எந்த வருஷம்?" இரண்டே கேள்வி. பத்துக்கு ஒன்பது பேர் "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்பார்கள். மதுராவின் காவல்காரர்கள் சொன்ன அதே பதில். ரத்தம் வேண்டும் என்று வரும் செய்தியில் நம்பர் இருந்தால் கூப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு தடவை எடுத்த அம்மா, "ஐயா, அந்த ஆபரேஷன் நடந்து மூன்று வருஷம் ஆகிறது, பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறான், தினம் நாலு போன் வருகிறது" என்று அழாத குறையாகச் சொன்னார்.

திருநள்ளாறு செய்தி வராத வருஷமே இல்லை. சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசா வியந்தது என்று. திருநள்ளாறு எங்கள் காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டர். சின்ன வயதில் சைக்கிளிலேயே போவோம். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஓட்டத்தால்தான் அது மேலே நிற்கிறது. நின்றால் விழும். இதை அனுப்பிய என் மச்சினரிடம் சொன்னேன். "மாமா, சாமி விஷயத்தில் ஏன் கணக்கு?" என்றார். சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லையே, நாசாவைத்தான் சொன்னேன் என்றேன். நளன் கதையும் தீர்த்தமும் இருக்கும் கோயிலுக்கு நாசாவின் சர்ட்டிபிகேட் எதற்கு?

குட் மார்னிங் படங்களை மட்டும் நான் தடுப்பதில்லை. நாகல் நகர் நண்பர் ஒருவர், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். தினம் ஐந்தரைக்குப் பழனி முருகன் படம் வரும். ஏழு மணிவரை வரவில்லை என்றால் போன் போடுவேன். அது செய்தி இல்லை, ஆஜர் பட்டியல்.

போன ஜூன் 16 அன்று மருது அறிக்கையும் ஃபார்வேர்டாக வந்தது. இரண்டு சிங்கம், ஒரு வாள், நிறைய ஆச்சரியக்குறி. நகல் எடுக்கச் சொல்லும் பகுதி அதில் இல்லை, சாபமும் இல்லை, வருஷம்கூடத் தப்பு. அனுப்பிய தம்பிக்குச் சரியான வருஷத்தையும் ராஜய்யன் புத்தகத்தின் பெயரையும் எழுதி அனுப்பினேன். "நன்றி சார்" என்று பதில் வந்தது. கூடவே ஒரு கும்பிடும் கை.