குடிபோதைச் சாரதியும் புதுக்கடை நீதிமன்றமும்: நட்டஈட்டின் நீண்ட கதை

 

ஆப் மூலம் ஓட்டோ பிடிக்காத வீடு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று குறைவு. ஓட்டியவர் குடித்திருந்து விபத்து நடந்தால் நாம் பொலிஸோடு நின்றுவிடுகிறோம். "கோர்ட்ல ஃபைன் கட்டிட்டான்" என்றதும் விஷயம் முடிந்ததாக நினைக்கிறோம். அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. கால் உடைந்தவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அவருக்கென்று தனி வழி உண்டு. அது மோட்டார் வண்டியை விட மிகப் பழையது.

ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன் ரோமில் அக்குவிலியச் சட்டம் வந்தது. அடுத்தவரின் அடிமையையோ கால்நடையையோ அநியாயமாகக் கொன்றவர் உரியவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றது அது. ஒல்லாந்துச் சட்ட அறிஞர்கள் அதை விரித்தார்கள். உழைப்பாளி இறந்தால் அவரை நம்பியிருந்த மனைவி மக்களும் நட்டஈடு கேட்கலாம் என்றானது.

அந்தச் சட்டம் ஒல்லாந்தரோடு இங்கே வந்தது. 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்ட்டின் பெயரில்தான் நமது புதுக்கடைக்கு ஹல்ஸ்டோர்ப் என்ற பெயர். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனாலும் 1799 செப்டெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தால் ஒல்லாந்தர் காலத்துச் சட்டம் தொடர்ந்தது. இன்றும் விபத்து நட்டஈட்டு வழக்கின் அடிப்படை அதுவே.

மோட்டார் வண்டி பிறகு வந்தது. குடித்துவிட்டு அதை ஓட்டியதற்காக முதலில் தண்டிக்கப்பட்டவர் லண்டன் வாடகை வண்டிச் சாரதி ஒருவர், ஆண்டு 1897. இங்கே 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் குடிபோதையில் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. அதே சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியையும் கட்டாயமாக்கியது. சாரதி ஏழையாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஆக, வழிகள் இரண்டு. நீதவான் நீதிமன்றத்தில் தண்டனை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி அங்கேயும் நீதவான் நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடலாம். முழு இழப்பையும் கேட்பதற்கு மாவட்ட நீதிமன்றம். மார்க்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல: தவறுதலாக உயிர் போனால் கஃப்பாரா வேறு, குடும்பத்துக்குரிய தியத் வேறு.

2015இல் பிக்மீயும் ஊபரும் கொழும்பில் ஓடத் தொடங்கின. இப்படியான நிறுவனங்கள் தாங்கள் இணைத்துவிடுபவர்கள் மட்டுமே, சாரதி தமது ஊழியர் அல்ல என்று சொல்வது வழமை. 2021இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபரின் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அது சம்பள, விடுமுறை வழக்கு, விபத்து வழக்கல்ல. ஆகவே நாம் முதலில் பார்க்க வேண்டியது சாரதி, அவரை வேலைக்கு வைத்தவர், வாகனத்தின் காப்புறுதி ஆகிய மூன்றையும்தான்.

செய்ய வேண்டியவை:

• பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை எடுங்கள். சாரதிக்கு மதுப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள்.
• ஆப்பில் உள்ள பயண விபரம், வாகன இலக்கம், நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.
• ஆஸ்பத்திரித் துண்டு, மருந்து பில், சம்பளச் சான்று எதையும் வீசாதீர்கள்.
• வழக்குப் போடுவதற்கு முன்பே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.
• "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்ற கடதாசியில் சட்டத்தரணியிடம் காட்டாமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

முக்கியமானது காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இப்படியான நட்டஈட்டு வழக்கை 2 வருடங்களுக்குள் தொடர வேண்டும். காயம் ஆறட்டும், பொலிஸ் கேஸ் முடியட்டும் என்று இருந்தால் அந்த 2 வருடமும் ஓடிவிடும். சட்டத்தரணிக்கு வசதி இல்லாதவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

2300 வருடமாக வந்த உரிமையை 2 வருடத்தில் இழந்துவிடாதீர்கள். தேவைப்படும் குடும்பத்துக்கு இதை அனுப்பி வையுங்கள்.