உணவும் மழலையும்: பழந்தமிழ் இலக்கியத்தில் குழந்தை வளர்ப்பு

குழந்தை உண்ணப் பழகுவதையும் பேசப் பழகுவதையும் பழந்தமிழ் இலக்கியம் இல்லறத்தின் பேறுகளாகவே நோக்குகிறது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடலில், தளர்நடைக் குழந்தை நெய்ச்சோற்றைக் கையால் அளைந்து, வாயிலிட்டு, மேனியெங்கும் சிதறிக்கொள்கிறது. இச்செயல் குற்றமாகக் கடியப்படவில்லை. மக்கட்பேறு இல்லாதார்க்கு வாழ்நாள் பயனற்றது என்னும் கருத்துக்கே அது சான்றாகிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் சிறு கை அளைந்த கூழை 64ஆம் குறளிலும், குழந்தையின் சொல் கேட்கும் இன்பத்தை 65, 66ஆம் குறள்களிலும் அடுத்தடுத்து வைக்கிறது.

பிற்காலப் பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தது. அவற்றுள் ஒன்றான தாலப் பருவத்தின் பெயர் நாவைக் குறிக்கும் 'தால்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. நாவசைத்துப் பாடுவதால் தாலாட்டு எனப்பட்டது என்பர். குழந்தை பேசுமுன்னரே அதனை முன்னிலைப்படுத்திப் பாடும் மரபு இதனால் புலனாகிறது.

ஆயினும் இவற்றை அன்றாட வழக்கின் முழுச் சான்றாகக் கொள்ளல் பொருந்தாது. புறப்பாடலின் ஆசிரியர் வேந்தர். பிள்ளைத்தமிழின் தலைமக்கள் பெரும்பாலும் தெய்வங்களும் அரசர்களும் சான்றோரும் ஆவர். ஏட்டில் மிகுதியும் பதிவானது பெற்றோர் எய்திய இன்பமே. நாள்தோறும் ஊட்டியும் பேச்சுக் கொடுத்தும் வளர்த்த பெண்டிரின் உழைப்பை வாய்மொழித் தாலாட்டுகளையும் இணைத்து ஆராய்ந்தாலன்றி இவ்வரலாறு நிறைவுறாது.